சந்தை ஊரும் சந்தைப் படிப்பும்



பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் எங்கள் தெருவில் என்ஜினீயரிங் பேச்சு. டிகிரி ரிசல்ட் வந்தால் எம்.பி.ஏ. பேச்சு. சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்குப் படிவம் நிரப்பத் தெரியும், விதிமுறை தெரியும் என்று அக்கம்பக்கத்தாருக்கு ஒரு நம்பிக்கை. ஆண்டுதோறும் யாராவது ஒருவர் கேட்பார்: "சார், நம்ம யுனிவர்சிட்டியிலேயே எம்.பி.ஏ. மார்க்கெட்டிங் போடலாமா, இல்லே கடனை வாங்கியாவது வெளியூர்ல சேர்க்கலாமா?"

நம்ம யுனிவர்சிட்டி என்றால் மதுரை காமராசர் பல்கலைக்கழகம். போடலாம், வேண்டாம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் ஒரு படிப்பை எடை போட வேண்டுமானால் அது எங்கிருந்து வந்தது, யாருக்காக வந்தது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கேட்டவர்களில் பலர் தங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பிள்ளையின் தகப்பனார்கள். அவர்களுக்கு இது இரண்டு வருடக் காலமும், பல நேரம் அடகு வைக்கிற நகையும் சம்பந்தப்பட்ட விஷயம்.

பெயரிலேயே குழப்பம்

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். மதுரைக்கு மாற்றலாகி வந்தது 1976-ல். எந்தப் பொருளானாலும் முதலில் அதன் பெயரைப் பிடித்து இழுத்துப் பார்ப்பது எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் கற்றுக்கொடுத்த பழக்கம்.

'மார்க்கெட்டிங்' என்ற ஆங்கிலச் சொல் உள்ளே நுழைவது பிரெஞ்சுக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. 1970-களில் அரசாங்கமே குழு போட்டு 'மெர்க்காத்திக்' என்று ஒரு புதுச் சொல்லை உண்டாக்கியது. பாடப்புத்தகத்தில் அது ஏறியது. கடைத்தெருவில் ஏறவில்லை. அங்கே இன்றும் மார்க்கெட்டிங்தான். நம் கதையும் ஏறக்குறைய அதேதான். பாடநூலில் 'சந்தைப்படுத்துதல்', 'சந்தையியல்' என்கிறோம். அரசாங்கத் துறையின் பெயர்ப்பலகையில் 'வேளாண் விற்பனை' என்று இருக்கும். பையன் மட்டும் "மார்க்கெட்டிங் படிக்கிறேன்" என்பான். அவன் தகப்பனாரோ, வீடு வீடாகப் போய்ப் பொருள் விற்கும் வேலைக்கா இரண்டு வருடம் படிப்பு என்று கவலைப்படுவார்.

விற்பது வேறு, மார்க்கெட்டிங் வேறு என்பதுதான் அந்தப் படிப்பின் முதல் பாடம். கையில் இருக்கும் சரக்கைத் தள்ளிவிடுவது விற்பனை. வாங்குகிறவனுக்கு என்ன தேவை, எவ்வளவு கொடுக்க முடியும், எங்கே வந்து வாங்குவான், எதற்காகத் தயங்குகிறான் என்று முதலில் கண்டுபிடித்து, அதற்கேற்பச் சரக்கையே அமைப்பது மார்க்கெட்டிங். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாக விளங்கும்.

வியாபாரத்துக்குக் கல்லூரி எதற்கு?

வியாபாரத்தைக் கல்லூரியில் வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம் என்ற எண்ணம் பாரிசில் 1819-லேயே செயலுக்கு வந்துவிட்டது. அந்த ஆண்டு அங்கே தொடங்கிய வணிகப் பள்ளிதான் உலகின் முதல் வணிகப் பள்ளி என்று சொல்லப்படுகிறது. அதைத் தொடங்கியவர்களில் ழான் பாப்திஸ்த் சே என்ற பொருளாதார அறிஞரும் ஒருவர். 1881-ல் பாரிஸ் வர்த்தக சபை இன்னொரு பெரிய வணிகக் கல்லூரியைத் தொடங்கியது. அதே 1881-ல் அமெரிக்காவில் வார்ட்டன் பள்ளி. அதே 1881-ல் நம் மதுரைப் பசுமலையில் அமெரிக்கன் கல்லூரி. மூன்றும் ஒரே வயது!

ஆனால் மார்க்கெட்டிங்கின் அடிப்படைகளைக் கண்டுபிடித்தவர்கள் கல்லூரிக்காரர்கள் அல்லர், கடைக்காரர்கள். பாரிசில் 'பொன் மார்ஷே' என்ற கடையை 1852 முதல் அரிஸ்தித் பூசிக்கோ என்பவர் வளர்த்தெடுத்தார். விலையை எழுதி ஒட்டுவது, பேரம் கிடையாது, யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போகலாம், பிடிக்காவிட்டால் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று புது வழக்கங்களைக் கொண்டுவந்தார். எமில் சோலா அப்படிப்பட்ட ஒரு கடையை வைத்தே 1883-ல் ஒரு நாவல் எழுதினார். பெரிய கடை வந்ததும் தெருவிலிருந்த சின்னக் கடைகள் எப்படி மூச்சுத் திணறிச் செத்தன என்பதையும் அதில் மறைக்காமல் காட்டியிருக்கிறார். பள்ளியில் எங்களுக்கு அந்த நாவலைப் பற்றிச் சொன்னபோது அது வெறும் கதையாகத்தான் தெரிந்தது. இன்று மதுரைப் புறவழிச்சாலை ஓரம் எழும்பும் பெரிய கடைகளைப் பார்க்கும்போது அது கதையல்ல என்று படுகிறது.

மார்க்கெட்டிங்கைத் தனிப் பாடமாகப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தவர்கள் அமெரிக்கர்கள். 1902-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஜோன்ஸ் என்ற பேராசிரியர் நடத்திய வகுப்பே முதலாவது என்பார்கள். அப்போது அந்தப் பாடத்துக்கு 'மார்க்கெட்டிங்' என்ற பெயர்கூட இல்லை. சரக்கு விளைந்த இடத்திலிருந்து வாங்குகிறவன் கைக்கு எப்படிப் போகிறது என்பதே அதன் பொருள். 1908-ல் ஹார்வர்டில் எம்.பி.ஏ. தொடங்கியது. 1960-ல் மெக்கார்த்தி என்பவர் பொருள், விலை, இடம், விளம்பரம் என்ற நான்கையும் ஒரு சூத்திரமாக்கினார். 1967-ல் பிலிப் கோட்லரின் தடித்த புத்தகம் வந்தது. இன்றும் நம் பிள்ளைகள் பரீட்சைக்கு முதல் நாள் புரட்டுவது அந்தப் புத்தகத்தையோ, அதிலிருந்து எடுத்த நோட்ஸையோதான்.

இந்தியாவில் வணிகக் கல்வியின் தொடக்கம் சென்னைதான். 1886-ல் பச்சையப்பன் அறக்கட்டளையார் வணிகப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். ஆபீசுக்குக் கணக்கெழுதவும் கடிதம் எழுதவும் ஆள் தயாரிப்பது அந்தக் காலத்து நோக்கம். சுருக்கமாகச் சொன்னால் என் போன்ற குமாஸ்தாக்களைத் தயாரிப்பது! 1913-ல் பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரி. நிர்வாகவியல் என்ற பெயரில் படிப்பு வந்தது 1953-ல் கல்கத்தாவில். 1957-ல் ஆந்திரப் பல்கலைக்கழகம் முழுநேர எம்.பி.ஏ. தொடங்கியது. 1961-ல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐ.ஐ.எம்.கள் வந்தன. மதுரையும் பின்தங்கிவிடவில்லை. கருமுத்து குடும்பத்தார் 1962-லேயே தியாகராசர் மேலாண்மைப் பள்ளியைத் தொடங்கிவிட்டார்கள்.

ஆக, படிப்பு நம் பக்கம் வந்தபோது அதற்கு இரண்டு முகம் இருந்தது. ஒன்று, பெரிய கம்பெனிகளுக்கு அதிகாரி தயாரிக்கும் முகம். மற்றொன்று, ஊரில் உள்ள சாதாரண வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பட்டம் கொடுத்து ஒரு படி மேலே ஏற்றிவிடும் முகம். அரசுப் பல்கலைக்கழகத்தின் பங்கு பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

நாகமலை அடிவாரத்தில்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்க மையமாக மதுரையில் இருந்ததுதான் 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. முதல் துணைவேந்தர் பன்மொழிப் புலவர் தெ.பொ.மீனாட்சிசுந்தரனார். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, கன்னியாகுமரி என்று தென்கோடி வரை அதன் எல்லை. நாகமலைப் புதுக்கோட்டைக்கு அப்பால், தேனி சாலையில், கருவேலங்காட்டுக்கும் கண்மாய்க்கும் நடுவே எழுந்த அந்த இடத்துக்குப் பல்கலை நகர் என்று பெயர் வந்தது. 1978-ல் காமராசர் பெயர் சூட்டப்பட்டது.

1971-ல் துணைவேந்தராக வந்தவர் டாக்டர் மு.வ. அவருடைய நாவல்களைப் படித்தவர்களுக்கும் தெரியாத ஒரு செய்தி சொல்கிறேன். அவர் முதலில் வேலை பார்த்தது திருப்பத்தூர் தாலுகா ஆபீசில், எழுத்தராக! கல்லூரிக்குப் போகாமல் சொந்தமாகப் படித்து 1935-ல் வித்துவான் தேர்வில் தேறிய மனிதர். அவர் துணைவேந்தரான அதே 1971-ல்தான் இங்கே அஞ்சல் வழிக் கல்வி தொடங்கியது. கல்லூரி வாசலை மிதிக்க முடியாத ஆபீஸ் குமாஸ்தாவும் ஆரம்பப் பள்ளி ஆசிரியரும் பட்டம் வாங்க வழி திறந்தது, ஒரு முன்னாள் குமாஸ்தாவின் காலத்தில் என்பதை நினைத்தால் எங்கள் இனத்தாருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அந்த அஞ்சல் வழிக் கல்வியின் அருமை, அந்தக் காலத்து ஆபீஸ்களில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். காக்கி உறையில் பாடக்கட்டு வரும். மத்தியானம் டிபன் டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, ஃபைல் ரேக்குக்குப் பின்னால் நின்று படிப்பார்கள். விடுமுறையில் நேர்முக வகுப்பு. எங்கள் பிரிவில் பதிவறை எழுத்தராகச் சேர்ந்த ஒருவர் அப்படி பி.காம். முடித்து, பிறகு மேலே மேலே போய் அதிகாரியாக ஓய்வு பெற்றார். அவர் பிள்ளைகள் இன்று வெளிநாட்டில். அந்தக் காக்கி உறை வராவிட்டால் அவர் பதிவறையிலேயே ஓய்வு பெற்றிருப்பார். இப்படி ஒரு கதை தென்மாவட்டங்களில் வீதிக்கு ஒன்று உண்டு.

எம்.பி.ஏ.வும் நேரடி வகுப்பாக ஒரு பக்கம், அஞ்சல் வழியாக இன்னொரு பக்கம் என்று அந்த வாய்க்காலில்தான் வந்தது. இணைப்புக் கல்லூரிகளிலும் பரவியது. அஞ்சல் வழியில் சேர்ந்தவர்களில் நம் ஊர்க்காரர்கள் மட்டுமல்ல, வெளிமாநிலத்தவரும் ஏராளம். அந்தக் கட்டணம்தான் பல ஆண்டுகள் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய வருமானம்.

பிறகு இரண்டு பக்கமும் சுருங்கியது. 1984-ல் கொடைக்கானலில் அன்னை தெரசா பல்கலைக்கழகம், 1985-ல் காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம், 1990-ல் நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் என்று எல்லை குறைந்தது. அது நல்லதுக்குத்தான். நாகர்கோவில் பிள்ளை ஒரு சான்றிதழுக்காக மதுரை வரை வர வேண்டியதில்லை. ஆனால் மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் எல்லைக்கு வெளியே தொலைநிலைப் படிப்பு நடத்தக்கூடாது என்று யு.ஜி.சி. 2013-ல் அறிவித்தபோது வருமானத்தின் மடையே அடைபட்டது. பட்டம் கடைச்சரக்காக ஆகிவிடக்கூடாது என்ற அந்த விதியில் நியாயம் உண்டு. ஆனால் அந்த வருமானத்தை நம்பி நடந்த செலவுகள் நிற்கவில்லை.

அதன் விளைவை நாம் நாளிதழ்களில் பார்த்தோம். 2023, 2024 ஆண்டுகளில் அங்கே பேராசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் உரிய தேதியில் சம்பளம் கொடுக்க முடியவில்லை. ஓய்வூதியர்கள் மாதக்கணக்கில் காத்திருந்து, போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். என் வயதுக்காரர்கள் மாத்திரை வாங்கும் பணத்துக்காகப் பல்கலைக்கழக வாசலில் உட்கார்ந்தது மனதை என்னவோ செய்தது. மார்க்கெட்டிங்கும் நிதி நிர்வாகமும் சொல்லிக்கொடுக்கும் இடத்துக்கே இந்த நிலை வந்ததே என்று கேலி பேசினார்கள். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அரசு நிதி, கட்டண உயர்வு, காலிப் பணியிடம், வருமான இழப்பு என்று பல முடிச்சுகள் சேர்ந்த சிக்கல் அது. எந்த ஒரு துறை ஆசிரியரும் அதற்குப் பொறுப்பல்ல.

ஊரே ஒரு பாடப்புத்தகம்

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். மார்க்கெட்டிங் படிக்க மதுரையைப் போல ஓர் ஊர் கிடைப்பது அரிது.

பகல் கடை நாளங்காடி, இரவுக் கடை அல்லங்காடி என்று இரண்டையும் மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் விரித்துச் சொல்லியிருக்கிறார். கடைகளில் பறந்த கொடிகளையும் சொல்கிறார். இன்ன சரக்கு இங்கே கிடைக்கும் என்று தூரத்திலிருந்தே தெரிவிக்கும் கொடி, விளம்பரப் பலகையின் பாட்டன் அல்லவா? தூங்காநகரம் என்பது வெறும் புகழ்ச்சி இல்லை. அது ஒரு வியாபார நேரம்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் போய்ப் பாருங்கள். விலை என்றால் என்ன என்று கோட்லர் பல பக்கங்களில் சொல்வதை அங்கே ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். முகூர்த்த நாளில் மல்லிகை விலை கிடுகிடுவென்று ஏறும். மறுநாள் இறங்கும். பனிக்காலத்தில் வரத்து குறைந்தால் தங்கம் மாதிரி. சாயங்காலத்துக்குள் விற்காத பூ குப்பை. மதுரை மல்லிக்கு 2013-லும், சுங்குடிச் சேலைக்கு அதற்கு முன்பே 2005-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பெயருக்கே சட்டப் பாதுகாப்பு. ஆனால் அந்தப் பெயரால் வரும் கூடுதல் காசு பூப்பறிக்கும் பெண்ணின் கைக்கும், முடிச்சுப் போடும் பெண்ணின் கைக்கும் எவ்வளவு போகிறது என்று எத்தனை மாணவர்கள் ஆராய்ந்து பார்த்திருப்பார்கள்? நல்ல புராஜெக்ட் இங்கே கண்ணெதிரே கிடக்கிறது.

உழவர் சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். 1999 நவம்பர் 14-ந் தேதி மதுரை அண்ணா நகரில்தான் தமிழகத்தின் முதல் உழவர் சந்தையை முதலமைச்சர் கருணாநிதி திறந்துவைத்தார். பஞ்சாபில் 1987-ல் வந்த 'அப்னி மண்டி', ஆந்திராவில் அதே 1999-ன் தொடக்கத்தில் வந்த 'ரைத்து பஜார்' ஆகியவை முன்மாதிரி. விவசாயிக்கு அடையாள அட்டை, வாடகையில்லாத இடம், இலவசத் தராசு. மொத்த விலையைவிடக் கொஞ்சம் கூட, சில்லறை விலையைவிடக் கொஞ்சம் குறைவு என்று காலையிலேயே விலை எழுதிப் பலகையில் போட்டுவிடுவார்கள். இடைத்தரகர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு நடைமுறை விடை அது. இடைத்தரகர் செய்துவந்த வேலையில் வண்டி வாடகை, சேமிப்பு, கடன் எல்லாம் இருந்தது, அதை இப்போது யார் சுமக்கிறார்கள் என்ற அடுத்த கேள்வியும் அங்கேயே எழும். இதற்கெல்லாம் முன்னால் 1933-லேயே சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்துவிட்டது. அதன்படி 1936-ல் திருப்பூரில் முதல் ஒழுங்குமுறைச் சந்தை. தராசில் ஏமாற்றுவதைத் தடுப்பதும் மார்க்கெட்டிங் வரலாற்றில் ஒரு முக்கிய அத்தியாயம்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக அரவிந்த் கண் மருத்துவமனை. டாக்டர் கோ.வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 58 வயதில், 1976-ல், 11 படுக்கைகளோடு தொடங்கினார். ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வது என்று நாம் யோசிக்கும் வயதில் அவர் தொடங்கினார் என்பதை நம்மவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மூட்டுவாதத்தால் கோணிப்போன விரல்களோடு அறுவை சிகிச்சை செய்தவர் அவர். பணம் கட்டுபவர்களும் இலவச நோயாளிகளும் ஒரே தரத்தில் சிகிச்சை பெற்றார்கள். சிகிச்சை இலவசம் என்றாலும் ஏழைகள் வரவில்லையே, ஏன் என்று அங்கே கேட்டார்கள். பஸ் காசு, சாப்பாடு, துணைக்கு வருகிறவரின் கூலி இழப்பு, கத்தி வைப்பார்களே என்ற பயம். இலவசத்துக்கும் ஒரு விலை உண்டு என்று கண்டுபிடித்து, முகாமிலிருந்து பஸ்ஸில் அழைத்துவந்து, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். 1992-ல் கண் லென்ஸைத் தாங்களே தயாரிக்கத் தொடங்கி, அதன் விலையைச் சரித்தார்கள். நான் முதலில் சொன்னேனே, வாங்குகிறவன் எதற்குத் தயங்குகிறான் என்று கண்டுபிடிப்பது, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஹார்வர்டின் மார்க்கெட்டிங் பேராசிரியர் கஸ்தூரி ரங்கன் 1993-ல் இதைப் பாடமாகவே எழுதினார். உலகெங்கும் எம்.பி.ஏ. மாணவர்கள் படிக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அது டவுன் பஸ்ஸில் போய்ப் பார்க்கும் தூரம்.

பழைய ஆட்களுக்கு இன்னும் இரண்டு நினைவுபடுத்துகிறேன். இலங்கை வானொலியில் கோபால் பல்பொடி விளம்பரம் கேட்காத காது உண்டா? அது மதுரைச் சரக்கு. வானொலி அலை எங்கே போகுமோ அங்கே வியாபாரமும் போகும் என்று பட்டம் வாங்காமலே தெரிந்துவைத்திருந்தார்கள். எங்கள் காரைக்கால் பக்கத்துக் கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பவர் ஷாம்பூவைச் சின்னச் சின்ன பாக்கெட்டில் அடைத்தார். புட்டி வாங்க முடியாதவன் ஒரு தலைக்கு மட்டும் வாங்குவான் என்பது அவர் கணக்கு. 1983-ல் அவர் மகன் ரங்கநாதன் 15,000 ரூபாயில் தனியாகத் தொழில் தொடங்கி அந்த வழியிலேயே வளர்ந்தார். பெரிய கம்பெனிகள் பின்னால் வந்து அதைக் கற்றுக்கொண்டன.

குமாஸ்தாவின் குறிப்பு

இனி ஃபைலில் குறிப்பு எழுதுவது போல, படிப்பை எடை போடும் விதத்தை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, அங்கீகாரம். காமராசர் பல்கலைக்கழகம் சட்டப்படி அமைந்த மாநிலப் பல்கலைக்கழகம். நாக் மதிப்பீட்டில் 2021-ல் 'ஏ பிளஸ் பிளஸ்' பெற்றது. "ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி இருக்கா சார்?" என்று சிலர் கேட்பார்கள். பல்கலைக்கழகம் தன் சொந்தத் துறையில் நடத்தும் படிப்புக்கு அந்த முன்அனுமதி தேவையில்லை என்று பாரதிதாசன் பல்கலைக்கழக வழக்கில் 2001-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தொலைநிலைப் படிப்பு வேறு விஷயம். அந்தந்த ஆண்டு அந்தந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. அனுமதி இருக்கிறதா என்று அவர்கள் பட்டியலில் பார்த்துவிட்டே பணம் கட்ட வேண்டும். முகவர் சொன்னார், சென்டர்காரர் சொன்னார் என்பது செல்லாது.

இரண்டாவது, ஆசிரியர். துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர் என்று நேரில் போய்க் கேளுங்கள். பணியிடம் காலியாகக் கிடந்தால் பாடத்திட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வகுப்பு நடக்காது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், அது பொதுப்பணத்தில் நடக்கும் இடம்.

மூன்றாவது, பாடமும் புராஜெக்டும். இரண்டு ஆண்டுப் படிப்பில் முதலாண்டு எல்லோருக்கும் பொது. கணக்கு, நிதி, மனிதவளம், புள்ளியியல் எல்லாம் வரும். இரண்டாம் ஆண்டில்தான் மார்க்கெட்டிங்கைச் சிறப்புப் பாடமாக எடுப்பார்கள். ஆகவே 'மார்க்கெட்டிங் பட்டம்' என்பது உண்மையில் சில தாள்களும் ஒரு புராஜெக்டும்தான். அந்தப் புராஜெக்ட்டைக் கடையில் காசு கொடுத்து பைண்ட் பண்ணி வாங்குகிறார்களா, உண்மையிலேயே மாட்டுத்தாவணியிலோ மேலூரிலோ நின்று செய்கிறார்களா என்பதில் படிப்பின் பாதி மதிப்பு இருக்கிறது. இணையவழி விற்பனை, கணினியில் புள்ளிவிவரம் பார்ப்பது இவை பாடத்தில் எவ்வளவு வந்திருக்கின்றன என்றும் பாருங்கள்.

நான்காவது, முன்னால் படித்தவர்கள். விளம்பரத் தாளில் இருக்கும் ஒரு பையனின் போட்டோவை நம்ப வேண்டாம். கடந்த இரண்டு மூன்று ஆண்டில் படித்து முடித்தவர்களில் நான்கு பேரிடம் பேசுங்கள். இப்போது என்ன வேலை, என்ன சம்பளம், எத்தனை மாதம் காத்திருந்தார்கள் என்று கேட்டால் சொல்வார்கள்.

ஐந்தாவது, பணம். திருச்சியில் 2011 முதல் ஐ.ஐ.எம். இருக்கிறது. அதில் இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் உள்ள பிள்ளையைத் தயங்காமல் அனுப்புங்கள், வங்கிக் கடன் கொடுக்கும். கஷ்டம் எங்கே என்றால், பெயர் தெரியாத ஒரு தனியார் கல்லூரிக்கு லட்சக்கணக்கில் கட்டிவிட்டு, பிறகு மாதம் சொற்ப சம்பளத்துக்குக் கடை கடையாக அலையும் பிள்ளைகளிடம்தான். கடன் தவணை கட்டவே அந்தச் சம்பளம் போதாது. அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் அதில் ஒரு சிறு பங்கு. வேலை கிடைக்கத் தாமதமானாலும் குடும்பம் கடனில் மூழ்காது. ஏழை வீட்டுக்கு இது சின்ன விஷயமல்ல.

என் பதில்

மூன்று விதமான பிள்ளைகளுக்கு மூன்று பதில்.

டான்செட் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்து, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் நல்ல கல்லூரி கிடைத்தால், அதையும் பல்கலைக்கழகத் துறையையும் மேலே சொன்ன ஐந்து கேள்விகளில் நிறுத்திப் பார்த்து முடிவு செய்யுங்கள். மதுரையிலேயே இருக்க விரும்பும், பெரிய கடன் தாங்காத வீட்டுப் பிள்ளை, அதிலும் வீட்டைவிட்டு வெளியூர் அனுப்பத் தயங்கும் பெற்றோருடைய பெண் பிள்ளை, நாகமலை பஸ்ஸில் ஏறட்டும். ஆனால் வகுப்போடு நிற்காமல், இரண்டு ஆண்டும் இந்த ஊரின் மார்க்கெட்டுகளில் கால் தேய நடக்க வேண்டும். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் பதவி உயர்வுக்காகத் தொலைநிலையில் படிக்கலாம். தங்கள் ஆபீஸ் விதி அதை ஏற்கிறதா என்று முன்கூட்டி எழுத்துமூலம் கேட்டுக்கொள்வது நல்லது. வேலை இல்லாத இளம்பிள்ளை வீட்டிலிருந்தபடி தபாலில் மார்க்கெட்டிங் படிப்பதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நாலு பேரோடு பேசிப் பழகி, வாதம் செய்து கற்க வேண்டிய படிப்பு அது.

கடைசியாக ஒன்று. இந்தக் கேள்வியை நாம் நம் வீட்டுப் பிள்ளைக்காக மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். பல்கலைக்கழகம் நன்றாயிருந்தால் சேர்ப்போம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று வாடிக்கையாளர் மாதிரி இருக்கிறோம். தனியார் கடையிடம் அப்படி இருக்கலாம். மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் மாவட்டத்து ஏழைப் பிள்ளைகளுக்கு மேல்படிப்பென்று இருக்கும் பெரிய பொது இடம் இது. வேறு இடம் பார்க்க வசதியுள்ளவர்கள் எல்லாம் போய்விட்டால், வசதியில்லாத பிள்ளைதான் காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருக்கும். காலிப் பணியிடங்களை நிரப்பு, மானியத்தை ஒழுங்காகக் கொடு, கணக்கை வெளிப்படையாக வை என்று பழைய மாணவர்களும், ஊர் வியாபாரிகள் சங்கங்களும், நம்மைப் போன்ற ஓய்வூதியர்களும் மனு எழுத வேண்டும். மனு எழுதுவதில் நமக்கு இருக்கும் அனுபவம் வேறு யாருக்கு இருக்கிறது?

அடுத்த முறை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டைப் பற்றித் தனியாக எழுத எண்ணம்.